றம்பொடை ஏற்றம்

கண்டியிலிருந்து நுவரெலியா போகும் பாதையில் கம்பளையும் புசல்லாவையும் தாண்டினால் மலை செங்குத்தாகிவிடும். றம்பொடையில் 109 மீட்டர் அருவியைக் கண்டதும் பஸ்ஸே எழுந்து நின்றது. சென்னையிலிருந்து கிளம்பிய ஓய்வூதியர் குழு எங்களுடையது. வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் இருந்து ரிட்டயர் ஆனவர்கள்தான் அதிகம். தாசில்தாராக இருந்த ஒருவரும் வந்திருந்தார். வழிகாட்டி ஒரு சிங்கள இளைஞர், நல்ல தமிழ் பேசினார். றம்பொடை ஆஞ்சநேயர், சீதா எலிய அம்மன் கோயில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் போட்ட தேயிலைத் தோட்டம் என்று அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தார். காட்டை வெட்டியது யார், கன்று நட்டது யார் என்பது மட்டும் அவர் பேச்சில் வரவில்லை.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். அம்மா இடுப்பில் படங்கைக் கட்டி, அட்டை ஏறாமலிருக்கக் காலில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடுவாள். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். பஸ்ஸில் எல்லோரும் கைதட்டி வரவேற்ற இந்தப் பனிமூட்டத்தில் அம்மாவின் விரல்கள் மரத்துப்போய் மடங்காது. தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் போவேன்.

1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் சனத்தை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். எங்களில் யாரையும் கேட்கவில்லை. எழுபதுகளில் எங்கள் முறை வந்தது. அட்டன் ஸ்டேஷனில் ஏறுகிறவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். அந்த ரயிலுக்கு ஒப்பாரிக்கோச்சி என்றே பெயர். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம், பிறகு கூடலூர். அங்கேயும் தேயிலைதான். ஆனால் அங்கே நான் படித்து டீச்சரானேன். அந்தப் பென்ஷனில்தான் இப்போது விசா எடுத்து, இந்தியச் சுற்றுலாப் பயணியாக வந்திருக்கிறேன்.

லபுக்கலைக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. கொழுந்தெடுக்கும் பெண்களோடு எங்கள் ஆட்கள் படமெடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு செடியருகே போய் ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினேன். அந்தப் பெண் என் கையையே பார்த்தாள்.

“அம்மா, நீங்க எந்தத் தோட்டம்?”

சொன்னேன். “அப்ப நம்ம ஆளுங்க!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் வெடிப்புகளில் தேயிலைக் கறை கறுப்பாக இறங்கியிருந்தது. அம்மாவின் கையும் அப்படித்தான் இருந்தது, எந்தச் சோப்பிலும் போகாது. நாளுக்கு 1,000 ரூபாய் கேட்டு வருஷக்கணக்காகப் போராடி 2021இல்தான் அது கிடைத்ததாம். அதற்குள் அரிசி விலை எங்கேயோ போய்விட்டது என்றாள். மகள் கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளை மலைக்கு அனுப்புவதில்லை என்பதில் தாய்க்கு அவ்வளவு பெருமை.

அன்று மாலைத் தேநீர் ஒரு பழைய துரை பங்களாவில், இப்போது அது ஓட்டல். இதைப்போன்ற பங்களாவின் பின்வாசலில்தான் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு லீவுக்காகக் காத்து நிற்பார். நான் முன்வாசல் வழியாக உள்ளே போய் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தேன். கோப்பையை நீட்டிய பையனின் தமிழ் லயத்துத் தமிழ். அவனிடம் பேசாமல் அந்தத் தேநீரைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. தாத்தா காலத்திலிருந்து அவன் குடும்பம் அதே லயத்தில்தான் இருக்கிறது.

பக்கத்திலிருந்த தாசில்தார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இத்தனை தலைமுறையா குடியிருக்காங்களே டீச்சர், பட்டா இருக்குமில்ல?”

“பெரும்பாலான லயங்களுக்கு இல்லை சார். வீடு தோட்டத்துக்குச் சொந்தம்.”

“வேலையை விட்டுட்டா?”

“அந்தப் பயத்திலேயேதான் நாங்க வளர்ந்தோம்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். மறுநாள் பஸ்ஸில் இதையெல்லாம் மைக்கில் சொல்லுங்கள் என்றார். வழிகாட்டிப் பையனும் தயங்காமல் மைக்கைக் கொடுத்தான். தேயிலைக்கும் முந்தி, காப்பித் தோட்டத்துக்கென்று மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, பாதி வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்துப்போனவர்களிலிருந்து ஆரம்பித்தேன்.