சேறும் சிறகும்

கேள்வி: வார இறுதியில் காட்டுப் பாதையில் ஓட்ட முதல் டர்ட் பைக் வாங்க ஆசை. எதை வாங்கலாம்?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: முதலில் பைக்கை விடுங்கள், உங்கள் காலை அளந்து பாருங்கள். ஹோண்டா சிஆர்எஃப்300எல் 142 கிலோதான்; ஆனால் இருக்கை 88 செ.மீ. உயரம். கால் எட்டாவிட்டால் சிக்னலிலேயே சாகசம் தொடங்கிவிடும். ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450 நம்ம சென்னைப் பிள்ளை, இருக்கை 82.5 செ.மீ.தான். ஆனால் எடை 196 கிலோ. சேற்றில் சாய்ந்தால் தூக்கிவிட ஊரே வேண்டும். சர்ரே குன்றுகளில் கூப்பிட்டால் ஆடுதான் எட்டிப் பார்க்கும். கற்றுக்குட்டிக்கு எடை குறைந்ததே நல்லது. விழத்தான் போகிறீர்கள், தூக்கத்தான் போகிறீர்கள்!

சிபிடி என்ற கட்டாய அடிப்படைப் பயிற்சி மட்டும் முடித்தவரா? எல் பலகையோடு 125 சிசி வரைதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று பந்தய மோட்டோகிராஸ் பைக்கை வாங்கிவிடாதீர்கள். அதில் நம்பர் பிளேட்டும் இருக்காது, விளக்கும் இருக்காது. சாலையில் ஏறினால் போலீஸ்காரர் தன் நீல விளக்கைக் காட்டுவார், வண்டியும் அவரோடு போகலாம்.

இன்னொன்று: இங்கே மரம் இருக்கும் இடமெல்லாம் காட்டுப் பாதை அல்ல. ‘பைவே’ என்று எல்லா வாகனங்களுக்கும் திறந்த வழிகளில் போகலாம். அதிலும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பல பழைய வழிகளை மோட்டாருக்கு மூடிவிட்டது. ‘பிரிடில்வே’ பலகை பார்த்தால் திரும்பிவிடுங்கள். அங்கே குதிரைக்கு அனுமதி உண்டு. உங்கள் குதிரைத்திறனுக்கு இல்லை.