44-க்கு 20

ஓய்வுபெற்றவர்களில் பல ரகம் உண்டு. ஆவின் பூத்தில் நின்று அரசியல் பேசுகிறவர், பாஸ்புக்கில் என்ட்ரி போட்டே தீரவேண்டும் என்று வங்கியில் வாரம் ஒரு தகராறு செய்கிறவர், பேரனின் ஹோம்வொர்க்கைக் கண்டித்துப் பள்ளி முதல்வருக்கு எழுதுகிறவர் எல்லாம் நமக்குப் பழகிய முகங்கள். சில காலமாகச் சென்னைப் பூங்காக்களில் ஒரு புது ரகம் தென்படுகிறது. அரைக்கால் சட்டை, முழங்காலில் பட்டை, தோளில் பை, பையிலிருந்து பிடியை நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு மட்டைகள். கையில் கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி ஓர் இரும்பு டேப். ஆளுக்கு வேர்த்து வழியும். ஆடி வந்த வேர்வை என்று நினைத்துவிடாதீர்கள், அளந்து வந்த வேர்வை.

எங்கள் பூங்காவில் இவருக்குப் பெயர் பிக்கிள்பால் சார். உங்கள் பூங்காவிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் இந்நேரம் விமானம் ஏறியிருப்பார்.

இந்தப் பிக்கிள்பால் தொற்றுகிற இடம் பெரும்பாலும் நியூ ஜெர்சிதான். மகளுக்குப் பிரசவம் என்று அம்மாவும் அப்பாவும் போகிறார்கள். அம்மாவுக்கு அங்கே தலைக்கு மேல் வேலை. அப்பாவுக்கு ஒன்றும் கிடையாது. கார் ஓட்ட லைசென்ஸ் இல்லை, நடந்து போக டீக்கடை இல்லை. மாப்பிள்ளை பரிதாபப்பட்டு ஒருநாள் பக்கத்துப் பூங்காவில் இறக்கிவிட்டுப் போகிறார். அங்கே வயதான தம்பதிகள் சின்ன மட்டையால் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் பந்தை டொக், டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் ஆள் குறைகிறது, வருகிறீர்களா என்று கேட்கிறார்கள். ஆபீஸில் இருந்த காலமெல்லாம் பட்ஜெட் மீட்டிங்குக்குத் தவிர வேறெதற்கும் யாரும் கூப்பிடாத மனிதர். போனார், ஆடினார், அவர் இருந்த பக்கம் ஜெயித்துவிட்டது. அதோடு ஆள் காலி.

ஊர் திரும்பும்போது பெட்டிக்கு 23 கிலோதான். மட்டைகளும் பந்துகளும் உள்ளே ஏறின, சம்பந்தி வீட்டுக்கென்று வாங்கிய பாத்திர செட் வெளியே இறங்கியது. சாரின் மனைவி இதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலிருப்பதுதான் சாருக்குப் பயமாக இருக்கிறது.

ஆட்டத்தின் தலபுராணத்தைச் சொல்லாமல் சார் யாரையும் விடமாட்டார். 1965 கோடைக்காலம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் தீவு. ஜோயல் பிரிட்சர்ட் என்ற அரசியல்வாதி நண்பர் பில் பெல்லோடு கோல்ஃப் ஆடிவிட்டு வீடு திரும்பினால், பிள்ளைகள் பொழுது போகாமல் முனகிக்கொண்டிருக்கின்றன. வீட்டில் பழைய பேட்மின்டன் கோர்ட் இருக்கிறது, மட்டைகள் சரியாக இல்லை. கிடைத்த டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டைப் பந்தையும் கொடுத்து ஆடவிட்டார்கள். பந்து தரையில் நன்றாக எழும்பியதால் வலையை இறக்கிக் கட்டினார்கள். பார்னி மெக்கலம் என்கிற இன்னொரு நண்பர் பிளைவுட்டில் மட்டை அறுத்துக் கொடுத்தார். ஆட்டம் பிறந்துவிட்டது. (1965 என்றால் நமக்கு ஆண்டுத் தொடக்கத்தில் மொழிப் போராட்டம், செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை. அங்கே பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. அவரவர் கஷ்டம் அவரவருக்கு.)

இந்தப் புராணத்தில் சார் கவனிக்காமல் தாண்டிப் போகிற வரி ஒன்று உண்டு. பிரிட்சர்ட் வீட்டில் கோர்ட் இருந்தது. சொந்த இடம். அவர் எந்தப் பூங்காவிலும் யாரிடமும் மனு கொடுக்கவில்லை. அதனால்தான் விதிமுறைப் புத்தகத்தில் சர்வீஸ் போடுவது எப்படி என்று எழுதியிருக்கிறது, இடம் பிடிப்பது எப்படி என்று ஒரு வரிகூட இல்லை.

பிக்கிள்பால் கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். இந்த இரண்டு எண்ணும் மண்டையில் ஏறியவருக்கு அப்புறம் உலகம் வேறு மாதிரி தெரிகிறது. கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்ப்பார். "நீளம் தேறும். நடுவுல தூண் மட்டும் இல்லேன்னா..." என்று ரசத்தின்போது முனகுவார். கிரகப்பிரவேசத்துக்குப் போனால் பூஜை அறையைப் பார்க்கமாட்டார், கார் பார்க்கிங்கைப் பார்ப்பார். கோயில் வெளிப்பிராகாரத்தில் நின்று, கருங்கல் தளம், பந்து நன்றாக எழும்பும் என்று கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் நிற்கிறவர்கள் பக்தி என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். துக்க வீட்டில் தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தபோது அவர் காலடி வைத்து அளந்ததை நானே பார்த்தேன். இருபதாவது அடியில், இறந்தவரின் மைத்துனர் மேல் மோதி நின்றார்.

ஊரிலுள்ள பூங்காக்களை ஒரு சுற்று சுற்றிவிட்டார். நடேசன் பூங்காவில் மரம் அதிகம் என்றார், குறையாகத்தான். அண்ணா நகர் டவர் பூங்காவில் நடக்கிற கூட்டமே தாங்கவில்லை என்றார். பனகல் பூங்காவுக்குப் போனால் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, "வேலை முடிஞ்சு மூடும்போது தரையை எப்படி விடுவாங்க?" என்று காவலாளியிடம் விசாரித்துவிட்டு வந்தார். கடைசியில் எங்கள் பேட்டைப் பூங்காவுக்கே திரும்பினார்.

வாசலிலேயே மாநகராட்சிப் பலகை. நாய் கூடாது, பூப் பறிக்கக் கூடாது, பந்து விளையாடக் கூடாது.

"சார், பந்துக்கு அனுமதி இல்லைன்னு போட்டிருக்கு" என்றார் வாட்ச்மேன்.

"அது கிரிக்கெட் பந்துப்பா. இதைப் பாரு, எத்தனை ஓட்டை! யார் மேலே பட்டாலும் வலிக்காது."

வாட்ச்மேன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓட்டைப் பந்தும் பந்துதானே சார்? ஓட்டைக் குடம் குடம் இல்லையா?"

உச்ச நீதிமன்றம் வரை போனாலும் இதற்குப் பதில் கிடைக்காது என்று சாருக்குத் தெரிந்துவிட்டது. கவுன்சிலரைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளூர் ஆதரவைத் திரட்டுவோம் என்று உள்ளே வந்தார்.

பூங்கா என்றால் வெறும் இடம் என்று நினைப்பவர்கள் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஒவ்வோர் அடியும் யாரோ பட்டா இல்லாமல் அனுபவித்துவரும் நிலம். கிழக்கே சிமென்ட் தரையில் எட்டு வடிவத்தில் கோடு போட்டிருக்கிறது. சர்க்கரைக்கு நல்லது என்று அதன் மேலேயே வட்டமடிக்கிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஸ்கூட்டரில் போட்ட எட்டுக்குப் பிறகு இப்போது காலால் போடுகிறார்கள். நடுவில் யோகா. மேற்கே சிரிப்பு மன்றம்: பயிற்சியாளர் கை தட்டினால் எல்லோரும் ஹாஹா, இரண்டு தட்டினால் ஹோஹோ. தெற்கு மூலையில் மாநகராட்சி உடற்பயிற்சிக் கருவிகள். அவற்றின் மேல் காய்வது பக்கத்துத் தெரு ஜமுக்காளம்.

சார் எட்டுக்காரர்களிடம் போய், "உங்க எட்டைக் கொஞ்சம் ஒடுக்கிக்கலாமே" என்றார். ஒடுக்கினால் மூன்றாகிவிடும் என்றார்கள். யோகாக்காரர்கள் மூச்சை அடக்கியிருந்ததால் பதில் சொல்லவில்லை. சத்தத்தைப் பற்றித்தான் பெரிய எதிர்ப்பு வரும் என்று சார் பயந்து தயாராக வந்திருந்தார். அமெரிக்காவில் இந்த டொக் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், ஊர் ஊராகப் பூங்காவில் நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்தச் செய்திகளையெல்லாம் அச்செடுத்து, பதிலும் எழுதிக் கோப்பாக வைத்திருந்தார். அந்தக் கோப்பை அவர் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. வெளியே தண்ணீர் லாரி ஹாரன், எதிரே அம்மன் கோயில் ஒலிபெருக்கி, உள்ளே ஹோஹோ. அவர் பந்தைத் தட்டிக் காட்டியபோது யார் காதிலும் எதுவும் விழவில்லை. இந்த ஆட்டத்துக்கு உலகிலேயே பொருத்தமான நகரம் சென்னைதான் என்று அன்று எனக்குத் தோன்றியது.

ஆனால் உண்மையான கோட்டை வடக்கே இருந்தது: ஷட்டில் கோர்ட். பிரிட்சர்ட் வீட்டில் இருந்தது பேட்மின்டன் கோர்ட் என்பதால், பிக்கிள்பாலின் வெளிக்கோடும் ஷட்டில் இரட்டையர் கோர்ட்டின் வெளிக்கோடும் அச்சாக ஒரே அளவு. ஊரெல்லாம் தேடிய 44-க்கு 20, சிமென்ட் போட்டு, வெள்ளைக் கோடு அடித்து, கண்ணெதிரே கிடக்கிறது. அதில் அதிகாலையிலிருந்து ஒரு குழு ஆடுகிறது. மாதாமாதம் பணம் வசூலித்து நைலான் காக் வாங்குகிறது. வலைக் கம்பத்தை நட்டது நாங்கள் என்று சொல்லிக்கொள்கிறது.

சார் பணிவாகத்தான் ஆரம்பித்தார். "நீங்க முடிச்சதும் நாங்க ஆடறோம். வலையை மட்டும் கொஞ்சம் இறக்கணும்."

"எவ்வளவு?"

ஷட்டில் வலை நடுவில் 5 அடி. பிக்கிள்பாலுக்கு 34 அங்குலம். சார் இதைக் கையால் காட்டினார். தோள்மட்டத்திலிருந்து கை இடுப்புக்குக் கீழே இறங்கியது. குழுத் தலைவர் மானபங்கம் நடந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வலையைக்கூட அவிழ்த்துக் கட்டலாம், கோட்டை என்ன செய்வது? ஷட்டிலில் முன்கோடு வலையிலிருந்து ஆறரை அடி. பிக்கிள்பாலில் வலையை ஒட்டிய தடைப் பகுதி ஏழு அடி. அதற்குள் நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. ஆக, பழைய கோட்டிலிருந்து அரையடி தள்ளிப் புதுக் கோடு போட்டாக வேண்டும். மஞ்சளில் போடுகிறேன் என்றார் சார். மஞ்சள் போட்டால் சர்வீஸ் உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தினம் அடிதடி வரும் என்றார் தலைவர். அந்த அரையடிக்காகப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு தரப்பும் பேசிய பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். காவிரிக்குக்கூட நடுவர் மன்றம் கிடைத்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மெல்லச் சொன்னார்: "இதே இடத்துலதான் நாங்க பூப்பந்து ஆடிட்டிருந்தோம். பக்கத்துக்கு அஞ்சு பேர். மஞ்சக் கம்பளிப் பந்து. தஞ்சாவூர்ல பொறந்த ஆட்டம் தம்பி. இவங்கதான் வந்து, ரெண்டு பேர் இருந்தாலே போதும், நவீனமான ஆட்டம்னு சொல்லி எங்களைக் கிளப்பினாங்க." பூப்பந்துக் கோர்ட் 24 மீட்டருக்கு 12. பரப்பில் ஷட்டில் கோர்ட்டைப்போல மூன்று மடங்குக்கு மேல். அந்த நிலம் எங்கே போயிற்று என்று தேடினால், ஷட்டில் போக மிச்சத்தில் குழந்தைகளின் சறுக்குமரமும், சிரிப்பு மன்றமும் நிற்கின்றன. ஷட்டில் தலைவர் அந்தப் பெரியவரைப் பார்க்கவில்லை. சாரும் பார்க்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் முழு உடன்பாடு.

நான் ஒருநாள் கேட்டேன்: "ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். பக்கமெல்லாம் மணிக்கு இவ்வளவுன்னு வாடகைக்குக் கோர்ட் இருக்கே சார். நாலு பேர் பங்கு போட்டா ஆளுக்கு ஒரு டிபன் செலவுதானே?"

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பூங்கா நம்ம வரிப் பணம் சார்."

வரிப் பணம் ஒரு சாக்கு. வாடகைக் கோர்ட்டில் அவர் வாடிக்கையாளர். மணி அடித்தால் வெளியே போக வேண்டும், உள்ளே இருக்கிற பையன்கள் அவரைவிட நன்றாக ஆடுவார்கள். பூங்காவிலோ அவர் ஸ்தாபகர். வேடிக்கை பார்க்க நின்றவனுக்கு மட்டையைக் கொடுத்து, மணிக்கட்டைத் திருத்தி, "இது தோல்விக்குப் பயப்படற ஆட்டம் இல்லை" என்று சொல்லலாம். இத்தனை மாதத்தில் அவர் முழுதாக ஓர் ஆட்டம் ஆடி நான் பார்க்கவில்லை. கற்றுக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன், தினமும்.

கவுன்சிலர் சந்திப்பு ஒருவழியாகக் கிடைத்தது.

"டென்னிஸ் மாதிரிங்களா?"

"டென்னிஸ் மாதிரி, ஆனா டென்னிஸ் இல்லை. டேபிள் டென்னிஸ் மாதிரி, ஆனா டேபிள் இல்லை. ஷட்டில் கோர்ட்டிலேயே ஆடலாம், ஆனா காக் இல்லை."

"அப்ப என்னதான் சார் இருக்கு?"

உபநிடதத்தில் பிரம்மத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதே சந்தேகம்தான் வந்திருக்கும். சார் அசரவில்லை. மனுவை நீட்டினார். கோர்ட் 44-க்கு 20 என்று அதில் இருந்தது. சுற்றிலும் ஓடி ஆட இடம் விட்டால் குறைந்தது 60-க்கு 30 வேண்டும் என்பது அதில் இல்லை. ஒரே சமயத்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கவுன்சிலர் கேட்டார். நான்கு. "நாலு ஓட்டா?" என்பது அவர் முகத்தில் மட்டும் ஓடியது, வாயால் கேட்கவில்லை. பண்புள்ளவர். கையெழுத்துகளைப் புரட்டினார். எட்டுக்காரர்கள், சிரிப்பு மன்றம், ஜமுக்காளத்துக்காரர் உட்பட எல்லோரும் போட்டிருந்தார்கள். ஷட்டில் கோர்ட்டில்தானே நடக்கப்போகிறது, நம் பக்கம் வராது என்ற நிம்மதியில் போட்ட கையெழுத்துகள் அவை.

முடிவில் காலை எட்டரை மணிக்கு மேல் பிக்கிள்பால் என்று தீர்ப்பானது. அதாவது ஷட்டில்காரர்களுக்கு வெயில் ஏறி ஆட முடியாமல் போகிற நேரம். மஞ்சள் கோடும் வந்தது. கோர்ட்டின் பின்பக்கம், ஓடிப் போய் எடுக்கவேண்டிய இடத்தில், திறந்துவைத்தவர் பெயர் பொறித்த கல்லும் வந்தது. திறப்பு விழாவில் கவுன்சிலர் அடித்த முதல் பந்து வலையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, எட்டு நடையில் இருந்த ஒருவரின் வழுக்கையில் டொக்கென்று இறங்கியது. வலிக்கவில்லை என்று சார் ஓடிப்போய்ச் சொன்னார், அடிபட்டவர் வாயைத் திறப்பதற்குள். சிரிப்பு மன்றத்தார் பயிற்சியாளர் கை தட்டாமலே சிரித்தது அன்றைக்குத்தான்.

எட்டரை மணி வெயிலில் ஆட ஆள் வருவதில்லை. சாரும் ஒரு நண்பரும் தொப்பி போட்டுக்கொண்டு, "சைபர், சைபர்" என்று ஸ்கோரைக் கூவுவார்கள், பிறகு நிழலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ரேஷன் கடை டோக்கனோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் சார் சோர்ந்துவிட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். மாலையில் ஆட இரண்டு உயரக் கம்பத்தில் மின்விளக்கு வேண்டும் என்று புது மனு தயாராகிவிட்டது. அதில் முதல் கையெழுத்து ஷட்டில் குழுத் தலைவருடையது. விளக்கு வந்தால் யாருக்கு எத்தனை மணி என்று இப்போதே பெஞ்சில் பேச்சுவார்த்தை நடக்கிறது. இந்தத் தடவை டேப் இருப்பது தலைவர் கையில்.