பம்ப் தள்ளும், இழுக்காது

வீட்டில் பீர் காய்ச்சுபவருக்குப் பம்ப் தேவைப்படுவதன் முதற்காரணம் முதுகு. அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கின் வழக்கமான அளவு ஓர் ஈட்டுக்கு 5 காலன், ஏறக்குறைய 19 லிட்டர். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். அது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். அண்டாவையும் சேர்த்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும். கொதிக்கக் கொதிக்க அதைத் தூக்கி வேறிடத்தில் வைப்பவருக்குப் பீர் தேறச் சில வாரங்கள் ஆகும். முதுகு தேற அதைவிடக் கூடுதலாக ஆகும்.

பம்ப் வாங்காதவர்களுக்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு: மூன்றடுக்கு மேடை. வெந்நீர் அண்டா உச்சியில், மால்ட் ஊறும் அண்டா நடுவில், வோர்ட் கொதிக்கும் அண்டா அடியில். புவியீர்ப்பு விசை ரிப்பேர் ஆவதில்லை, கரண்ட்டும் கேட்பதில்லை. ஆனால் உச்சி அண்டாவை எட்டிப் பார்க்க ஏணி வேண்டும். வெந்நீருக்கு மேல் ஏணியில் நின்றபடி தெர்மாமீட்டர் படிப்பவர், அண்டாக்களையெல்லாம் தரைமட்டத்துக்கு இறக்கிவிடலாம் என்ற முடிவுக்குச் சீக்கிரமே வந்துவிடுவார். அன்று முதல் அவர் பம்ப் வைத்திருப்பவர்.

வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு அமெரிக்காவில் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்காக வீட்டில் காய்ச்சும் பீருக்கு மத்திய வரிவிலக்கு அளித்தது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். இரண்டாமவர் பீர் வாடையே ஆகாதவராக இருந்தாலும் அளவு இரட்டிப்பாகும். இல்லறத்தின் பயன்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். மாநிலங்களில் மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை மனம் இரங்கவில்லை. 200 காலன் என்றால் ஆண்டுக்கு 40 ஈடு. அத்தனை முறை அண்டா தூக்கச் சட்டம் அனுமதித்தாலும் எலும்பு மருத்துவர் அனுமதிக்கமாட்டார்.

கடையில் அதிகம் விற்பது காந்தத்தால் சுழலும் சென்ட்ரிஃபியூகல் பம்ப். மோட்டார் தண்டில் ஒரு காந்தம். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், வோர்ட்டுக்குள், இம்பெல்லர் என்னும் சுழல்தகட்டோடு சேர்ந்த இன்னொரு காந்தம். முதலாவது சுற்றினால் இரண்டாவது தொடாமலேயே கூடச் சுற்றும். தண்டு நுழைய ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாததால் தண்டுக்கு சீல் இல்லை. சீல் இல்லாததால் அது தேய்ந்து ஒழுகும் பேச்சும் இல்லை. இவ்வளவு நல்ல குணங்களுள்ள பம்பிடம் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: தானாக இழுக்காது. வயிற்றில் முதலில் திரவம் நிறைந்திருந்தால் மட்டுமே தள்ளும். ஃபுட் வால்வில் தண்ணீர் நிற்காத கிணற்று மோட்டார், குடம் குடமாக ஊற்றி நிரப்பும்வரை வெறுங்காற்றைக் கடைந்துகொண்டிருப்பது போலத்தான் இதுவும். இந்த ஒரு பிடிவாதத்தை மனத்தில் வைத்திருப்பவருக்கு மற்றதெல்லாம் எளிது. பெரும்பாலோர் அதை மறந்துவிட்டு மற்றதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தானாக இழுக்கும் வகைகளும் இருக்கின்றன. டயாஃப்ரம் பம்ப் இழுக்கும். ஆனால் விட்டுவிட்டுத் துடிக்கும், கொதிசூட்டை அநேகமாகத் தாங்காது. ரப்பர் குழாயை உருளைகளால் பிதுக்கும் பெரிஸ்டால்டிக் பம்ப் இழுக்கவும் செய்யும், காலியாக ஓடினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மெதுவாகப் போகும், விலையும் கூடுதல். ஆகவே வாங்குபவர் சுற்றிச் சுற்றிக் காந்தப் பம்புக்கே வந்து சேர்வார்.

பெட்டியின் மேல் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும்: நிமிடத்துக்கு 7 காலன், உயரம் 12 அடி என்பதுபோல. இரண்டும் உண்மை, ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. 7 காலன் என்பது எந்தத் தடையும் இல்லாமல் கொட்டும்போது கிடைப்பது. 12 அடி என்பது அதற்குமேல் ஒரு சொட்டும் ஏறாமல் நின்றுவிடும் உயரம். வீட்டில் கிடைப்பது இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். கொதித்த வோர்ட்டைக் குளிர்விக்கும் நீளமான சுருளைக் கோத்தால் இன்னும் இறங்கும். மோட்டாரின் சக்தி ஒரு குதிரைத்திறனில் 20இல் ஒரு பங்கோ 25இல் ஒரு பங்கோதான். அந்தக் குதிரையிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

வோர்ட் படும் முன்பகுதி பாலிசல்ஃபோன் பிளாஸ்டிக்காலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாலோ ஆனது. பாலிசல்ஃபோன் கொதிசூட்டைத் தாராளமாகத் தாங்கும், ஸ்பேனரைத் தாங்காது. கையால் இறுக்கிய பிறகும் இன்னொரு சுற்று சுற்றிப் பார்க்கும் வழக்கமுள்ளவர்கள், மரை போவதற்கு முன்பே கூடுதல் காசு கொடுத்து ஸ்டீல் வாங்கிவிடுவது சிக்கனம்.

பொருத்துவதில் முதல் விதி உயரம். பம்ப் அண்டாவுக்குக் கீழே இருக்கவேண்டும். எவ்வளவு கீழேயோ அவ்வளவு நல்லது. வோர்ட் தானாக இறங்கிப் பம்பை நிரப்பும். இரண்டாவது விதி திசை. முன்பகுதியின் நான்கு ஸ்குரூவைக் கழற்றி, வெளிவாய் மேல்நோக்கி இருக்கும்படி திருப்பி மாட்டினால் காற்று குமிழாகத் தானே ஏறிப் போய்விடும். பக்கவாட்டில் விட்டால் காற்று உள்ளேயே குடியிருக்கும், வாடகையும் தராது. மூன்றாவது விதி குழாய். அரை அங்குல உள்விட்டமுள்ள சிலிக்கோன் குழாய், குட்டையாக, மேலே வளைந்து ஏறாமல் இருக்கவேண்டும். வளைவின் உச்சியில் காற்று ஒளிந்துகொள்ளும். இணைப்புகளுக்குத் துளை குறுகாத கேம்லாக் வகை நல்லது.

நான்காவது விதிதான் அதிகம் மீறப்படுவது. ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு வெளிவாயில்தான் இருக்கவேண்டும்; உள்வாயில் ஒருபோதும் கூடாது. வெளிவாயை முக்கால்வாசி மூடினாலும் இந்தப் பம்ப் கோபித்துக்கொள்வதில்லை. மோட்டாரின் சுமை குறையவே செய்யும். உள்வாயைத் திருகினால் பம்ப் பட்டினி கிடக்கும். ஐந்தாவது, மோட்டாரை எந்த இணைப்புக்கும் நேர் கீழே வைக்கக் கூடாது. சொட்டும் வோர்ட் சர்க்கரைப் பாகு. ஆறாவது, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புள்ள பிளக் பாயிண்ட் கட்டாயம். ஈரத்தரை, மின்சாரம், முந்தைய ஈட்டைச் சுவைபார்த்துக்கொண்டே வேலை செய்யும் மனிதர் ஆகிய மூன்றும் ஒரே அறையில் இருக்கின்றன.

கோளாறுகளில் அடிக்கடி வருவது, மோட்டார் ஓடுகிறது, வோர்ட் வரவில்லை என்பது. காரணம் காற்று. மோட்டாரை நிறுத்தி, உள்வாய்ப் பக்கத்தை முழுவதும் திறந்து, குமிழ் மேலேற நேரம் கொடுத்து, குழாயை இரண்டு மூன்று முறை கையுறையோடு பிசைந்து, பிறகு வெளிவாயைக் கொஞ்சமாகத் திறந்து ஓடவிடவேண்டும். வெளிவாயில் காற்று வெளியேற ஒரு சின்ன வால்வு வைத்தவர்களுக்கு இந்தப் பிசைவு மிச்சம். குமிழ்கள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் உள்வாய் இணைப்பு ஏதோ தளர்ந்திருக்கிறது. பம்ப் ஓடும்போது அங்கே சொட்டு வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதனால் ஒழுகலைத் தேடுபவருக்கு எதுவும் அகப்படாது.

இரண்டாவது, கூழாங்கல்லை அரைப்பதுபோன்ற சத்தம். கொதிக்கிற திரவம் ஆவியாவதற்குத் தயாராக நிற்கிறது. இம்பெல்லரின் வாயில் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் அங்கேயே ஆவியாகிவிடும். அந்த ஆவிக்குமிழ்கள் நொறுங்கும் சத்தமே அது. இதைத் தடுக்க அண்டாவிலுள்ள வோர்ட்டின் மட்டத்துக்கும் பம்புக்கும் இடையிலான உயரத்தைத் தவிர வேறு உதவி கிடையாது. வந்துவிட்ட பிறகானால், வெளிவாயைக் குறைத்தாலோ அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டாலோ சத்தம் அடங்கும். பம்பை உயரமான மேசையில் அழகாக வைத்திருப்பவர்கள் இங்கே அழகுக்கு விலை கொடுக்கிறார்கள்.

மூன்றாவது, ஓட்டம் வரவர மெலிவது. கொதிக்கும் அண்டாவானால் கசப்புக்காகப் போட்ட ஹாப்ஸ் பூ போய் அடைத்திருக்கும். பையில் கட்டிப் போட்டிருக்கலாம் என்று அப்போது தோன்றும். மால்ட் அண்டாவானால் பம்ப் அவசரப்பட்டிருக்கிறது. வேகமாக வடித்தால் மால்ட் படுக்கை இறுகிக் களியாகிவிடும். உடனே பம்பை நிறுத்தி, படுக்கையைக் கிளறி, படியவிட்டு, மெதுவாக மீண்டும் தொடங்கவேண்டும். இதற்கு முன்தடுப்பு, மால்ட்டோடு நெல் உமி கலப்பது. அரிசி ஆலைகள் மலைபோலக் குவித்துவைக்கும் உமியை அமெரிக்கக் கடைகள் பவுண்டு கணக்கில் பையிலடைத்து விற்கின்றன, வாங்கவும் செய்கிறார்கள்.

நான்காவது, மோட்டார் ஓடியும் இம்பெல்லர் நிற்பது. மால்ட் துண்டு சிக்கியதும் காந்தங்கள் பிடி விட்டிருக்கும். அணைத்துப் போட்டால் மறுபடி சேர்ந்துகொள்ளும். சேராவிட்டால் முன்பகுதியைத் திறந்து துண்டை எடுக்கவேண்டும். ஐந்தாவது, கீச்சிடுவது. காலியாக ஓடவிட்டதன் பலன் அது. சுழலும் பாகங்களுக்கு உள்ளே ஓடும் திரவமே எண்ணெய். ஆறாவது, மோட்டாரே ஓடாதது. பம்பை முழுவதும் பிரித்து வரிசையாக அடுக்கிய பிறகு பிளக் பாயிண்ட் துண்டித்துக்கொண்டிருப்பதைக் காண்பது இதன் வழக்கமான முறை. தலைகீழாகச் செய்தால் நேரம் மிச்சமாகும்.

வேலை முடிந்ததும் பம்புக்குள் வெந்நீரும் காரச் சோப்பும் ஓட்டி, அவ்வப்போது முன்பகுதியைத் திறந்து தேய்க்கவேண்டும். உள்ளே தேங்கிய வோர்ட் அடுத்த மாதத்துக்குள் பூசணம் பூத்திருக்கும். குளிர்விப்பதற்கு முன் கொதிக்கும் வோர்ட்டையே பம்பிலும் சுருளிலும் 10, 15 நிமிடம் சுற்றவிடுவது கிருமி நீக்கத்துக்கான எளிய வழி.

குளிர்ந்த வோர்ட்டை நொதிக்கும் பாத்திரத்துக்கு அனுப்புவது பம்பின் கடைசி வேலை. வோர்ட் ஈஸ்ட்டால் நொதித்துப் பீரான பிறகு ஆக்சிஜன் பட்டால் ஊறிய அட்டைப்பெட்டிச் சுவை வரும். அதனால் அதன்பின் பீரைக் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தால் தள்ளுவதே வழக்கம். பம்பைக் கழுவி, நீரை வடித்து, அலமாரியில் வைத்துவிடலாம்.