ஆயிரம் டேப் அடித்தாலும் மாயூரம் வருமா?

பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் அடித்தால் மீதியைக் கம்ப்யூட்டரே நிரப்பித் தரும் என்ற வித்தையை யோசித்தவர்கள் காவிரிக் கடைமடைப் பக்கம் வந்ததே இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். வந்திருந்தால் அவ்வளவு தைரியமாக வாக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். மயிலாடுதுறை மாவட்டத்தில் பாதி ஊருக்கு ஆரம்பம் ஒன்றுதான். திருக்கடையூர், திருவெண்காடு, திருமணஞ்சேரி, திருப்புன்கூர், திருவிளையாட்டம், திருமுல்லைவாசல், திருநகரி, திருவாவடுதுறை, திருவாளப்புத்தூர். 'திரு' என்று தட்டி டேப் அடித்தால் அது ஒரு தடவை 'டிங்' என்று முனகும். மறுபடி அடித்தால், "இத்தனை இருக்கிறது, எல்லாவற்றையும் காட்டட்டுமா? ஒய்யா, என்னா?" என்று கேட்கும். நாயன்மார்கள் பாதயாத்திரையாகப் போய்ப் பார்த்த பட்டியலை நான் உட்கார்ந்த இடத்தில் பார்த்துவிடலாம். புண்ணியம்தான். ஆனால் வேலை நடக்காது.

நான் டேட்டாபேஸ் பார்த்துப் பிழைப்பவன். மயிலாடுதுறையில் பட்டமங்கலத் தெருவுக்குப் பின்புறம் வீடு, வீட்டிலேயே வேலை. போஸ்ட்கிரஸ் என்கிற டேட்டாபேஸோடு பேச பிஎஸ்கியூஎல் என்று ஒரு கருப்புத் திரை உண்டு. மவுஸ் கிடையாது, பட்டன் கிடையாது. கேட்க வேண்டியதை எஸ்கியூஎல் என்ற மொழியில் எழுத்துக் கூட்டி எழுதி, கடைசியில் அரைப்புள்ளி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் விடிய விடியக் காத்திருக்கும், கோபித்துக்கொள்ளாது. இந்தத் திரையில் எனக்கு இருக்கும் ஒரே ஒத்தாசை டேப் விசைதான். என் கீபோர்டில் மற்ற விசைகளெல்லாம் எழுத்தோடு இருக்கின்றன. அது மட்டும் தேய்ந்து மொழுக்கென்று இருக்கிறது.

எனக்கு வாய்த்த டேட்டாபேஸைச் செய்த கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன். நெல் வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்தவர்கள். ஊருக்கு ஒரு டேபிள் போட்டிருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? எல்லா டேபிள் பெயருக்கும் முன்னால் 'டிபிஎல்' என்று மூன்று எழுத்தும் ஓர் அடிக்கோடும். டேபிளை நாற்காலி என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம் போலும். ஆகவே 'டி' என்று தட்டி அடிக்கும் முதல் டேப்புக்கு 'டிபிஎல்_' வரைக்கும் வந்து நிற்கும். 'திரு' என்று நானே தட்டி அடுத்த டேப் அடித்தால் ஓர் எழுத்துகூட நகராது. திருத்தலங்கள் அத்தனையும் வாசலில் கூடி நிற்க, யாரை உள்ளே விடுவது என்று தெரியாமல் அது முழிக்கும்.

டேபிளுக்குள்ளே போனால் ஒவ்வொரு நெல் ரகத்துக்கும் ஒரு ஃபீல்டு. ஆடுதுறையில் 1922-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்கள். அதன் புண்ணியத்தில் ஏடிடி 36, ஏடிடி 37, ஏடிடி 39, ஏடிடி 43, ஏடிடி 45 என்று குறுவைக்கும் சம்பாவுக்கும் ரகங்கள் வந்தன. விவசாயிக்கு லாபம், எனக்கு 'ஏடிடி' தட்டி டேப் அடித்தால் மறுபடி டிங். சிஆர் 1009 போட்டவர்கள் வாழ்க. கட்டாக்கிலிருந்து வந்த ரகம், 'சி' தட்டினாலே வந்துவிடுகிறது.

சரி, இந்த டேப் எப்படித்தான் யோசிக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். எழுத்தைத் தட்டுவது, அழிப்பது, டேப்பைக் கவனிப்பது எல்லாம் ரீட்லைன் என்ற வேறொரு நிரலின் பொறுப்பு. குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதியது. பல வருஷங்களாக அதைப் பராமரிப்பவர் செட் ரேமி. பட்டியல் நூறைத் தொட்டால் காட்டட்டுமா என்று கேட்கும் மரியாதை ரீட்லைனுடையது. எந்த இடத்தில் எந்தப் பெயர் வரலாம் என்று சொல்லிக்கொடுப்பது பிஎஸ்கியூஎல்லின் வேலை. 2000-இல் வந்த போஸ்ட்கிரஸ் ஏழாம் பதிப்புக்காக பீட்டர் ஐசன்ட்ராட் பிஎஸ்கியூஎல்லைப் புதுக்கி எழுதியபோது இதற்கென்று ஒரு தனி ஃபைல் பிறந்தது.

அந்த ஃபைலின் தலைமாட்டில் ஒரு முன்னுரை இருக்கிறது. அதைப் படித்தபிறகு எனக்கு டேப்பின்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இது செயற்கை நுண்ணறிவாக இருக்க ஆசைப்படவில்லை, நீங்கள் எஸ்கியூஎல் படிக்காமல் தப்பிப்பதற்காகவும் இல்லை, என்ன செய்கிறோம் என்று நீங்கள் யோசிக்க வேண்டிய பொறுப்பைக் குறைப்பதற்காகவும் இல்லை என்கிறது. இலக்கணப்படி வரக்கூடிய எல்லாவற்றையும் தரமாட்டோம், அதிகம் புழங்குவதையும் எழுதியவருக்கு எதை எழுத மனசு வந்ததோ அதையும்தான் தருவோம் என்றும் சொல்லிவிடுகிறது. சாட்ஜிபிடி பிறப்பதற்கு வெகுகாலம் முன்னாலேயே ஒரு மனுஷன் இவ்வளவு அடக்கமாக எழுதிவைத்திருக்கிறார். கல்யாண மண்டபக்காரர்கள், சீட்டுக் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் வாசலில் இப்படி ஒரு போர்டு மாட்டினால் நாட்டில் வழக்கு குறையும்.

முன்னுரை பொய் சொல்லவில்லை. உள்ளே இலக்கண ஞானம் ஒன்றும் கிடையாது. முந்தைய வார்த்தை இது, அதற்கு முந்தையது அது என்றால் இன்னது வரலாம், இல்லையென்றால் அது, அதுவும் இல்லையென்றால் வேறொன்று. இப்படிப் பல ஆயிரம் வரிக்கு ஓர் 'இல்லையென்றால்' பட்டியல். ஒவ்வொரு பதிப்பிலும் யாராவது ஒருவர் தனக்கு இடித்த ஒரு மூலையை மட்டும் சீர்செய்து அனுப்புவார். பட்டியல் நீண்டு நீண்டு, அதை மொழிபெயர்க்கிற கம்பைலர்களில் சில திணறுகிற அளவுக்கு வந்துவிட்டது. கடைசியில் 18-ஆம் பதிப்புக்காக டாம் லேன் அந்தச் சங்கிலியை ஒரு பெர்ல் நிரலிடம் கொடுத்துத் துண்டுபோட வைத்தார்.

இத்தனை அடக்கமான விசை வம்பு செய்யாது என்று நினைக்காதீர்கள். நாம் டேப் அடிக்கும்போது அது ஓசைப்படாமல் டேட்டாபேஸுக்குப் போய் "என்னென்ன பேர் இருக்கு?" என்று விசாரித்துவிட்டு வருகிறது. சாதாரணமாக அதனால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் ஒரு டிரான்ஸாக்‌ஷனை ஆரம்பித்து, அதன் தனிமை நிலையை, அதாவது மற்றவர்கள் செய்யும் மாற்றம் அதற்குள் எவ்வளவு தெரியலாம் என்பதை, அமைக்கப்போகும் நேரத்தில், அதற்கு முன்னால் வேறு எந்தக் கேள்வியும் போயிருக்கக் கூடாது. நாம் கேட்கவில்லை, நமக்காக டேப் கேட்டுவிட்டது. பிஎஸ்கியூஎல்லின் கையேடே இதைப் பற்றி எச்சரிக்கிறது.

இதைவிடப் பெரிய வம்பு ஒட்டுவதில். கம்பெனியிலிருந்து ஒரு கேள்வியை எழுதி, அழகாக டேப் வைத்து உள்தள்ளி, மெயிலில் அனுப்புவார்கள். அதை அப்படியே எடுத்து அவர்களுடைய பழைய சர்வரின் கருப்புத் திரையில் ஒட்டினேன். 'ஃப்ரம்' என்ற வார்த்தை முடிந்து அடுத்த வரியில் இரண்டு டேப், அப்புறம் டேபிள் பெயர். மனுஷன் அடித்த டேப்பா, ஒட்டுகையில் வந்த டேப்பா என்று பழைய ரீட்லைனுக்கு வித்தியாசம் தெரியாது. முதல் டேப்புக்கு டிங். இரண்டாவது டேப்புக்கு, "எல்லாவற்றையும் காட்டட்டுமா? ஒய்யா, என்னா?" என்று கேள்வி. கேள்வி கேட்டுவிட்டு அது பதிலுக்குக் காத்திருக்க, வருவதோ டேபிள் பெயர், எழுத்து எழுத்தாக. ஆங்கில எழுத்தில் 'டிபிஎல்_திருவெண்காடு' என்று எழுதிப் பாருங்கள். டி, பி, எல், அடிக்கோடு, டி, எச், ஐ, ஆர், யு, வி, இ. ஒவ்வொன்றுக்கும் டிங், ஒவ்வொன்றும் குப்பைக்கு. அடுத்து 'என்' வந்தது. ஓகோ, வேண்டாம் என்கிறார் என்று கேள்வியை மூடிவிட்டு, மிச்சத்தை டேபிள் பெயராக எடுத்துக்கொண்டது. மிச்சம் 'காடு'. 'காடு' என்று ஒரு டேபிள் இல்லவே இல்லை என்று திரையில் பிழைச் செய்தி. புதன் ஸ்தலத்தை இப்படிக் காடாக்கிவிட்டதே என்று சிரிப்பதா, அழுவதா?

திருவிளையாட்டத்தை ஒட்டினால் ஆபத்து இன்னும் அதிகம். அதில் 'என்'னுக்குப் பதில் 'ஒய்' வருகிறது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மொத்தப் பட்டியலையும் உருட்ட ஆரம்பித்துவிடும். திரை நிறைந்ததும் 'இன்னும் காட்டவா' என்று அடுத்த கேள்வி, மீதி ஆட்டமெல்லாம் அதற்கு இரை. புதிய ரீட்லைனில் ஒட்டுவதை ஒட்டுவதாகவே அடையாளம் கண்டுகொள்ளும் வசதி வந்துவிட்டது. பழைய சர்வரை மாற்ற மனமில்லாதவர்கள் பிஎஸ்கியூஎல்லைத் திறக்கும்போதே மைனஸ் 'என்' போட்டு ரீட்லைனை ஒதுக்கிவிடலாம். டேப்பும் போய்விடும், அது வேறு விஷயம்.

ஆங்கில எழுத்தால்தானே இந்தக் கூத்து, தமிழிலேயே டேபிளுக்குப் பெயர் வைத்தால் என்ன? போஸ்ட்கிரஸ் தாராளமாக அனுமதிக்கிறது. ஆனால் பெயருக்கு 63 பைட்டுதான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு சாப்பிடும், கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. 'திருவிளையாட்டம்_கொள்முதல்' என்று ஒரு டேபிள் போட்டுப் பார்த்தேன். 73 பைட்டு. நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டு 'திருவிளையாட்டம்_கொள்ம' என்று வெட்டி வைத்துக்கொண்டது. நெல் கொள்முதலைப் பாதியில் நிறுத்துவது நமக்குப் பழக்கம்தான் என்றாலும் 'மு'வின் கொக்கியைக்கூட விட்டுவைக்காதது கொஞ்சம் அதிகம். டேப் கதை அதற்கு மேல். திருவிளையாட்டத்துக்கும் திருவெண்காட்டுக்கும் பொதுவான பகுதியை நிரப்பு என்றால் 'திருவ' என்று வந்து நிற்கிறது. அந்த 'வ' இரண்டு ஊரிலும் கிடையாது. ஒன்றில் 'வி', இன்னொன்றில் 'வெ'. கொம்பைக் கழற்றிவிட்டு ஒற்றுமை காண்கிறது.

பெயர் ஒன்றாக இருந்தால்தானே நிரப்ப முடியும்? சீர்காழிக்கு 12 பெயர். திருவிழந்தூர் என்றாலும் திருஇந்தளூர் என்றாலும் பரிமள ரங்கநாதர் ஒருவரே. தரங்கம்பாடியைக் கேட்டால் டிராங்க்பார் என்றும் சொல்வார்கள். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாயவரம், மாயூரம், 1982 முதல் மயிலாடுதுறை. அரசாங்கம் பெயரை மாற்றி இத்தனை வருஷமாகியும் பஸ் ஸ்டாண்டில் மாயவரம்தான். ரயில்வேயின் குறியீடு இன்னும் எம்வி. எந்த எழுத்தைத் தட்டி டேப் அடிப்பது?

ஆனால் இந்த வம்பெல்லாம் மேலோட்டம். உண்மையான கோளாறு எஸ்கியூஎல்லின் வாக்கிய அமைப்பில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 1974-இல் ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இதை உருவாக்கியபோது சாமானியரும் ஆங்கிலம் மாதிரிக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அதனால் முதலில் 'எடு', அடுத்து என்ன வேண்டும், அப்புறம்தான் எங்கிருந்து. எந்த டேபிள் என்று சொல்வதற்கு முன்னாலேயே ஃபீல்டு பெயரைக் கேட்டால் டேப் பாவம் எங்கே போய்த் தேடும்? சீர்காழி பஸ்ஸில் ஏறி, ஊரைச் சொல்லாமல் "ரெண்டு குடுங்க" என்றால் கண்டக்டர் நம்மை எப்படிப் பார்ப்பார்? 'ஃப்ரம்' எழுதி டேபிளையும் எழுதி நிபந்தனைக்கான 'வேர்' போட்டபிறகு டேப் அடித்துப் பாருங்கள், ஃபீல்டுகளை மளமளவென்று கொட்டும். இடம் தெரிந்துவிட்டது அல்லவா?

"இந்த டேபிள்லேர்ந்து, இந்த ஃபீல்ட, எடு". தமிழன் எப்போதும் இப்படித்தான் சொல்கிறான். வினை கடைசியில் வரும். இந்த வரிசையில் டேப்புக்கு ஒரு சங்கடமும் இல்லை. இதைக் குத்தாலத்திலிருந்து வந்திருந்த சித்தப்பாவிடம் விளக்கினேன். அவர் சம்பா அறுவடைக்கு ஆள் கிடைக்காத கவலையில் இருந்தார்.

"அப்ப அந்த மிஷினுக்குத் தமிழ் சொல்லிக் குடேன்டா" என்றார்.

"வெளிநாட்டுக்காரங்களே பண்ணிட்டாங்க சித்தப்பா."

பண்ணித்தான் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2007-இல் கொண்டுவந்த லிங்க் மொழியில் 'ஃப்ரம்' முதலில் வரும், எழுதும்போதே மீதியை நிரப்பித் தர வேண்டும் என்பதற்காகவே. டக்டிபி என்ற டேட்டாபேஸிலும் 'ஃப்ரம்'மை முன்னால் வைக்கலாம். பிஎஸ்கியூஎல்லுக்குப் பதிலாகப் புழங்க அம்ஜித் ராமானுஜம் உருவாக்கிய பிஜிசிஎல்ஐ இன்னொரு வழியில் போகிறது. நாம் எழுதிய முழு வாக்கியத்தையும் படித்து, பின்னால் 'ஃப்ரம்' எழுதியிருந்தால் முன்னால் ஃபீல்டு தருகிறது. பெயரின் முதல் எழுத்துகள்தான் வேண்டும் என்றும் அடம்பிடிக்காது. 'வெண்' என்று நடுவிலிருந்து தட்டினாலும் திருவெண்காட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். டெல்டாவுக்கென்றே செய்தது போல இருக்கிறது. கம்பெனியின் பழைய சர்வரில் அதை ஏற்ற அனுமதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"எல்லாம் சரிடா, ஆள் வருமா வராதா?" என்றார் சித்தப்பா. அதற்கு எந்த டேப்பிலும் பதில் இல்லை.

டெல்டாவில் மென்பொருள் செய்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். டேபிளுக்கு முன்னால் 'டிபிஎல்' போடாதீர்கள், அது டேபிள் என்று எங்களுக்குத் தெரியும். ஊருக்கு ஒரு டேபிள் வேண்டாம், ஒரே டேபிளில் ஊர் என்று ஒரு ஃபீல்டு போதும். இதையும் கேட்கமாட்டீர்கள் என்றால் 'திரு'வையாவது பெயரின் கடைசிக்கு மாற்றிவிடுங்கள்: கடையூர்_திரு, வெண்காடு_திரு, மணஞ்சேரி_திரு. சாமி கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.