சத்தத்துக்கு மணிக்கணக்கில் வாடகை

ஒசாகா

அன்புள்ள மாமாவுக்கு,

"அந்த ஊர்ல சனங்க சிரிக்கவாவது செய்யுறாங்களா, இல்ல ராப்பகலா வேலைதானா?" என்று போனில் கேட்டீர்கள். அது போனில் சொல்லி மாளாது. அத்தைக்கும் வாசித்துக் காட்டுங்கள், பச்சிங்கோ வரும் இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள்.

இங்கே ரயிலில் நூறு பேர் நின்றாலும் மூச்சுவிடும் சத்தம்தான் கேட்கும். போன் அடித்தால் போனுக்குச் சொந்தக்காரர் கூசிப்போகிறார். அதே ஆள் நம்பா ஸ்டேஷனில் இறங்கி, கரோக்கே கடைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, டையைத் தலையில் கட்டிக்கொண்டு கத்துகிறார். சத்தம் போட இவர்களுக்குத் தனி இடம், தனி நேரம், அதற்கு மணிக்கணக்கில் வாடகை. துணைக்கு ஆள் வேண்டுமென்றுகூட இல்லை. தனியாகப் போய்ப் பாடுகிறவர்களுக்கென்றே சின்னச் சின்ன அறைகள் உண்டு.

கரோக்கேயைக் கண்டுபிடித்தவர் என்று பெயர் வாங்கியவர், பக்கத்து ஊரான கோபேயில் மதுக்கடைகளில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த இனோவே டைசுகே. 1971இல் காசு போட்டால் பின்னணி இசை வாசிக்கும் பெட்டியைச் செய்து கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்காததால் கோடிகள் வேறு யாருக்கோ போயின. 2004இல் அமெரிக்காவில் வேடிக்கைக்காகக் கொடுக்கும் இக் நோபல் அமைதிப் பரிசு மட்டும் இவருக்குக் கிடைத்தது. அடுத்தவர் பாட்டைப் பொறுத்துக்கொள்ள மனிதர்களுக்குப் புது வழி காட்டினாராம். நீங்கள் குளியலறையில் பாடுவதை இத்தனை வருஷம் பொறுத்த அத்தைக்கு யாரும் ஒரு எவர்சில்வர் டம்ளர்கூடக் கொடுக்கவில்லை.

பச்சிங்கோ என்பது நிறுத்திவைத்த பெட்டிக்குள் இரும்புக்குண்டுகளை ஓடவிடும் ஆட்டம். கூடத்துக் கதவு திறந்தாலே காது அடைத்துப்போகும். சூதாட்டம் இங்கே சட்டவிரோதம். ஆகவே ஜெயித்த குண்டுகளுக்குக் கடையில் பணம் தருவதில்லை, பரிசுப்பொருள் தருகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு சந்துப்பக்கம் திரும்பினால் ஒரு சின்ன ஜன்னல். அங்கே யாரோ முன்பின் தெரியாதவர்போல அந்தப் பொருளைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார். சட்டமும் மிச்சம், சபலமும் மிச்சம்.

கோஷியென் பேஸ்பால் மைதானத்துக்கும் போனேன். 1924இல் ஹான்ஷின் ரயில் கம்பெனி கட்டியது. நம் அணி மட்டையோடு நிற்கும்போதுதான் தாரை, தப்பட்டை, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தனிப் பாட்டு. எதிரணி முறை வந்ததும் நம் பக்கம் கப்சிப், அவர்கள் பாடுவார்கள். முறை வைத்துக் கத்துகிறார்கள், மாமா!

முறை தவறியது 1985இல். கோஷியென் மைதானத்தின் சொந்த அணியான ஹான்ஷின் டைகர்ஸ் ஜெயித்த மயக்கத்தில் ரசிகர்கள் ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லச் சொல்ல, அவரவர் சாயல் உள்ளவர்கள் ஒவ்வொருவராகத் தோதோன்போரி ஆற்றில் குதித்தார்கள். தாடிக்கார அமெரிக்கரான ரேண்டி பாஸின் சாயலுக்கு ஆள் சிக்கவில்லை. கோழிக்கறிக் கடை வாசலில் நின்ற கர்னல் சாண்டர்ஸ் பொம்மைக்குத் தாடி இருந்தது, தூக்கி எறிந்துவிட்டார்கள். அந்த வருஷம் வாங்கிய தேசிய சாம்பியன் கோப்பையோடு சரி, அப்புறம் வருஷாவருஷம் ஏமாற்றம். கர்னல் சாபம் என்றார்கள். 2009இல் பொம்மையைச் சேற்றிலிருந்து எடுத்த பிறகும் சாபம் உடனே விடவில்லை. அடுத்த தேசிய கோப்பை 2023இல்தான்.

உங்களுக்குப் பிடிக்கப்போவது தகராசுகா. கோபயாஷி இச்சிசோ என்ற ரயில் முதலாளி, லைன் முடிகிற வெந்நீரூற்று ஊருக்குக் கூட்டம் சேர்க்க நீச்சல்குளம் கட்டினார். அது ஓடவில்லை. குளத்தை மூடிக் கொட்டகையாக்கி 1914இல் பெண்களை மட்டும் வைத்து நாடகம் போட்டார், இன்றைக்கும் ஓடுகிறது. நம் பாய்ஸ் கம்பெனியில் பையன்கள் ஸ்திரீபார்ட் போட்டார்களே, இங்கே எல்லா ராஜபார்ட்டும் பெண்கள். பார்க்க வருவதும் பெரும்பாலும் பெண்களே. நடிகை வரும் வழியில் ரசிகைகள் வரிசையாக, பின்னால் இருப்பவருக்கு மறைக்காமல் குந்தி உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். தள்ளுமுள்ளு இல்லை. எனக்குத்தான் ஒருமாதிரி இருந்தது.

கடைசியாக நம்மவர் சங்கதி. 1998இல் டோக்கியோ ஷிபுயாவில் 'முத்து' 23 வாரம் ஓடியது உங்களுக்குத் தெரியும். இப்போது அமகசாகி ஊரில் ஒரு சின்னத் தியேட்டரில் நம் படங்களுக்கென்று 'மசாலா காட்சி' வைக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் கத்தலாம், ஆடலாம், காகிதம் தூவலாம், கயிற்றை இழுத்தால் டப்பென்று வெடிக்கும் காகிதக் கூம்பும் கொண்டுவரலாம். எதெது செய்யலாம், எதெது கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பக்கத்துச் சீட்டுப் பாட்டியம்மா தலைவர் பெயரைச் சொல்லிக் கத்திய கத்தலில் எனக்கே தொண்டை கட்டியது. விளக்கு வந்ததும் அதே அம்மா சீட்டுக்கடியில் குனிந்து காகிதம் பொறுக்குகிறார். ஒரு துணுக்கு மிச்சமில்லை. வேலையாள் வந்தால் அவருக்கு வேலையே இருக்காது.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடுங்கள். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: படக் கடைசியில் எழுத்து ஓடி முடியும்வரை இங்கே யாரும் எழுந்திருப்பதில்லை. 'வணக்கம்' போடுவதற்குள் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்