வெள்ளைக்காரன் சான்று குடுத்த புளி

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. பால் திரிஞ்சு போச்சுன்னு உன் அப்பத்தா மாட்டைத் திட்டிக்கிட்டு இருக்கா. சுடச்சுட இருந்த பால்ல நீ பாவோபாப் பொடியைக் கொட்டுனதை நான் இன்னும் போட்டுக் குடுக்கலை. டார்டாரிக் அமிலம், சிட்ரிக் அமிலம்னு புளிப்பா அடைச்சு வச்ச பழம்டா அது. அதைப் போட்டா பால் திரியாம பாயசமாவா ஆகும்? ஆப்பிரிக்காவுல பாலைத் திரிய வைக்கவே இதைப் போடுறவங்க உண்டு. தெரியாமச் செஞ்சாலும் முறையாத்தான் செஞ்சிருக்கே.

எங்கே, டப்பாவைக் குடு. ‘ஆரஞ்சைப் போல ஆறு மடங்கு வைட்டமின் சி.’ அடேயப்பா! பொய்யின்னு சொல்ல மாட்டேன். 100 கிராம் பொடியில 150லேர்ந்து 500 மில்லிகிராம் வரைக்கும் இருக்கும், மரத்துக்கு மரம் மாறும். ஆரஞ்சுல 50 சொச்சம். ஆனா ஆரஞ்சுல முக்காவாசிக்கு மேல தண்ணி. இந்தப் பழமோ மரத்துல தொங்கும்போதே உள்ளுக்குள்ள காஞ்சு போயிரும். ஈர வேட்டியையும் காஞ்ச வேட்டியையும் ஒரே தராசுல வச்சு விலை பேசுறான், கெட்டிக்காரப்பய. 100 கிராம் ஆரஞ்சை நீ நின்ன வாக்குல முழுங்கிருவே. பொடியில 10 கிராம் தாண்டுவியா? 50 மில்லிகிராம் கிடைச்சாலே அதிகம். கொல்லையில அணில் கடிச்சுப் போட்ட கொய்யாவுல அதைவிட எத்தனையோ பங்கு இருக்கு. என்ன பண்றது, கொய்யாவுக்குக் கறுப்பு மூடியும் தங்க எழுத்தும் இல்லையே!

அப்புறம் கால்சியம். 100 கிராமுக்கு 300 மில்லிகிராம் பக்கம் வரும், நல்ல சரக்குத்தான். ஆனா நேத்து ராத்திரி ‘எனக்கு வேணாம்’னு தட்டைத் தள்ளி வச்சியே கேப்பைக் களி, அந்தக் கேப்பையில இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கு.

பழத்தை இளக்காரம் பண்றேன்னு நினைக்காதே. நான் கப்பல்ல சமையல் பண்டாரியா இருந்தவன், மொம்பாசாவுல பார்த்திருக்கேன். சாண் நீளம் வர்ற காய், மேல வெல்வெட்டு மாதிரி சுணை, கல்லைப் போட்டுத்தான் ஓட்டை உடைக்கணும். உள்ள வெள்ளை வெள்ளையா, தொட்டா மாவா உதிர்ற சதை. குறுக்கும் நெடுக்கும் செந்நாரு, நடுவுல கறுப்புக் கொட்டை. காய்ச்ச வேணாம், உலர்த்த வேணாம். இடிச்சுச் சலிச்சா நீ வாங்குன பொடி ரெடி. அங்க கொட்டையோட சேர்த்துச் சக்கரைப் பாகுல புரட்டி, ஏலக்காயும் செவப்புச் சாயமும் போட்டு ‘மபுயு’ன்னு விக்கிறாங்க. பிள்ளைக சப்பிட்டுக் கொட்டையைத் துப்பும், நாக்கு ரத்தச் செவப்பா ஆயிரும். எவனும் அதை நோய் எதிர்ப்பு சக்திக்குன்னு தின்னு நான் பார்க்கலை. புளிப்பா இனிப்பா இருக்கு, திங்கிறான். அவ்வளவுதான்.

செனகல்ல இதைத் தண்ணியில ஊறப்போட்டுப் பிசைஞ்சு சீனி சேர்த்து ‘புய்’னு ஒரு பானம் குடிப்பாங்க. வயித்தால போனா அதையே மருந்தாவும் குடுப்பாங்க. இலையைக் காய வச்சு இடிச்சுக் கம்பு மாவுச் சோத்துல சேர்ப்பாங்க. சூடான்ல கோர்டோஃபான் பக்கம் தண்ணிக்குத் தவிக்கிற சனம் அடிமரத்தைக் குடைஞ்சு மழைத்தண்ணியைச் சேமிச்சிருக்கு. அவங்களுக்கு அது குடம், கொல்லை, பெட்டிக்கடை எல்லாம். உனக்கு ஒரு கரண்டிப் பொடி.

1749ல அடான்சன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் செனகல்ல இந்த மரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். அவர் பேரைத்தான் செடிகொடிக்கெல்லாம் பேர் வச்ச லின்னேயஸ் மரத்துக்கே வச்சுட்டார். அந்த மனுசன் தினமும் ரெண்டு வேளை இந்தச் சாறு குடிச்சுத்தான் அங்க தெம்பா இருந்தாராம். 79 வயசு வரைக்கும் இருந்தார். அதைத் தாண்டி நான் உக்காந்திருக்கேன், பழைய சோத்துத் தண்ணியைக் குடிச்சுட்டு. எனக்குத்தான் யாரும் மரம் குடுக்கலை. எத்தனையோ நூறு வருசமா ஆப்பிரிக்காக்காரன் தின்னதெல்லாம் கணக்குல வரலை. 2008ல ஐரோப்பாக்காரன் இதைப் ‘புதுவகை உணவு’ன்னு பேர் போட்டு அனுமதிச்சான், அடுத்த வருசம் அமெரிக்காக்காரன் தலையாட்டினான். அதுக்கப்புறம்தான் உன் செல்போனுக்கு விளம்பரம் வந்திருக்கு.

இன்னொண்ணு சொன்னா உனக்கு வயிறு எரியும். மன்னார்ல பள்ளிமுனையில 19 மீட்டருக்கு மேல சுத்தளவுள்ள மரம் ஒண்ணு நிக்குது. அரபு யாவாரிங்க கொண்டாந்து நட்டதாச் சொல்லுவாங்க. நம்ம ராமநாதபுரம் பக்கமும் அங்கங்க இருக்கு. நம்ம பக்கம் இதுக்குப் பொந்தன்புளின்னு பேரு. எங்கேன்னு கேட்டுப் பாரு, கை காட்டுவாங்க. நீ கப்பல் கூலி குடுத்து வாங்கியிருக்கே.

சரி, காசு போனது போகட்டும். இனிமேயாவது கொதிக்கிறதுல கொட்டாதே, சூட்டுல வைட்டமின் சி குறைஞ்சுபோகும். ஆறுன கம்பங்கூழுல கலக்கு, கம்புல இருக்கிற இரும்பும் உடம்புல நல்லா ஒட்டும். சக்கரை ஏறுறதை மட்டுப்படுத்தும்னு போட்டிருக்கானே, நல்ல உடம்புக்காரங்க கொஞ்சப்பேருக்கு ரொட்டியோட குடுத்துப் பார்த்து 2013ல ஆய்வு எழுதுனாங்க, கொஞ்சம் மட்டுப்பட்டுச்சு. மாத்திரையைத் தூக்கிப் போடுன்னு அதுல எழுதலை, சக்கரைக்கு மாத்திரை போடுற உன் அப்பன்கிட்ட அதையும் சேர்த்துச் சொல்லு. சிறுநீரகக் கோளாறுள்ள உன் பெரியப்பனுக்குப் பாசத்துல ஊட்டிராதே. பொட்டாசியம் இதுல சாஸ்தி, டாக்டரைக் கேக்காம ஆகாது.

இந்தப் பழத்தோட நிஜமான சொத்து எதுன்னு டப்பாக்காரன் சின்ன எழுத்துல போட்டிருக்கான் பாரு. நார்ச்சத்து. பாதிக்குப் பாதின்னு சொல்ற அளவுக்கு இருக்கு. மூணு நாளா கக்கூசுக்குள்ள செல்போனோட தவம் இருக்கிற உனக்கு அதுதான் வரம். ஆனா எடுத்த எடுப்புல ரெண்டு கரண்டி போடாதே, வயிறு உப்பிக்கும். அரைக் கரண்டியில ஆரம்பி, தண்ணி நிறையக் குடி. ஆரம்பிக்கிறதை லீவு நாள்ல வச்சுக்க.