பெட்டியில் தேயிலை, ஊருக்கொரு வெந்நீர்

பிராங்க்ஃபர்ட், ஜெர்மனி

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்கள் சமூகத்திற்கு, தம்பி மகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். குன்னூரில் யாவரின் நலத்திற்கும் எழுதியனுப்பக் கோரப்படுகிறது. பெரியப்பா அவர்கள் கொடுத்தனுப்பிய அரைக் கிலோ இலைத் தேயிலை சேதமின்றி வந்து சேர்ந்தது என்பதும், அலுவல் நிமித்தம் ஊர் ஊராக அலையும் தம்பி மகனோடு அதுவும் அலைந்து வருகிறது என்பதும் இதனால் தெரிவிக்கப்படுகின்றன. அயல்நாட்டில் தேயிலையைக் கட்டிக்கொண்டு போய்க் காய்ச்சிக் குடிப்போர் படும் பாடு முறையான ஆராய்ச்சிக்கு உரியது என்பதால், அதன் சுருக்கம் கீழே தரப்படுகிறது.

தேநீரைச் சுவைத்துத் தரம் பிரிப்போருக்காக 1980இல் வெளியான ஐஎஸ்ஓ 3103 என்னும் பன்னாட்டுத் தரநிலை, 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிட ஊறல் என்று வரையறுக்கிறது. அதற்கு இணையான பிரிட்டிஷ் தரநிலை, ஒரு கோப்பைத் தேநீர் போடும் விதத்தை ஆறு பக்கங்களில் விளக்கியமைக்காக 1999இல் இக் நோபெல் என்னும் நகைச்சுவைப் பரிசைப் பெற்றது. ஃபேக்டரியில் தேநீரை உறிஞ்சிச் சுவைத்து உமிழ்ந்தே பணி ஓய்வு பெற்ற பெரியப்பா அவர்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். அக்கணக்கின்படி 200 மில்லிலிட்டர் கோப்பைக்கு 4 கிராம் இலையும், நாளுக்கு மூன்று வேளை குடிப்பவரின் பத்து நாள் பயணத்திற்கு 120 கிராம் இலையும் போதும். ஆனால் அந்த 120 கிராம் தேநீராக மாறுவதற்குக் கெட்டில், அதன் பிளக்கை அந்தந்த நாட்டுச் சுவரோடு சமாதானம் செய்துவைக்கும் அடாப்டர், வடிகட்டி, பிளாஸ்க், சம்புடம் என்னும் பரிவாரம் உடன் வரவேண்டியிருப்பதால், பெட்டியிலிருந்து முதலில் வெளியேறுபவை மாற்றுச் சட்டைகளே.

காய்ந்த தேயிலை தன்னைச் சூழ்ந்த ஈரத்தையும் மணத்தையும் விரைந்து ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. மல்லிகை மொட்டுகளோடு இலையை இரவு முழுவதும் கலந்து வைத்துச் சீனர் மணமேற்றுவது இவ்வியல்பைக் கொண்டுதான். தமிழ்க் குடும்பத்துப் பெட்டியில் இதே இயல்பு சாம்பார்ப் பொடியோடும் கட்டிப் பெருங்காயத்தோடும் சேர்ந்து செயல்படுகையில் உண்டாகும் புதிய வகைத் தேயிலைக்கு எந்தத் தரநிலையும் இதுவரை பெயரிடவில்லை. ஆகவே இறுக மூடும் எவர்சில்வர் சம்புடத்தில் இலையை விளிம்புவரை நிரப்பி, சோப்புக்கும் பொடிகளுக்கும் எட்டாத மூலையில் வைப்பதே தக்க முறையாகும். பாலுக்கு அந்த மூலையும் கிடைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோர் பாலையும் பாற்பொருள்களையும் பெட்டியில் கொண்டுவரக் கூடாது என்பது பொது விதி.

இலையா, தூளா என்பதும் ஆராயத்தக்கது. பற்கள் வெட்டிய உருளைகளுக்கிடையே கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யப்படும் சிடிசி தேயிலையும், அதனினும் நுண்ணிய டஸ்ட் எனும் தூளும், விரைவில் சாறு இறங்குவதால் டீக்கடை மாஸ்டர்களின் விருப்பத்திற்கு உரியன. எனினும் 2018 முதல் அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட தூள் கைப்பையில் இருந்தால் தனிச் சோதனைக்கு உள்ளாகலாம் என்பதோடு, டஸ்டை வடிக்கத் துணி வடிகட்டியும் வேண்டும். விடுதிக் குளியலறையில் காயப்போட்ட பழுப்பேறிய அத்துணியை, அறையைத் துப்புரவு செய்வோர் ஒற்றைக் காலுறையெனக் கொண்டு, அதன் இணையைத் தேடிக் களைத்துக் கடைசியில் பயணியின் காலுறைகளோடு மடித்து வைத்துவிட்டுப் போகின்றனர். முழு இலைக்கு இத்தொல்லை இல்லை. கம்பி வலையே போதும், அதுவும் இல்லையெனில் இலை அடியில் படியும்வரை பொறுத்து, மேலாகப் பருகலாம்.

இவ்வளவு ஏற்பாடும் செய்துகொண்ட பிறகு மிஞ்சுவது தண்ணீர். விடுதிகளை நட்சத்திரங்களால் தரம் பிரிப்பது வழக்கமாயினும், தேயிலையோடு பயணம் செய்வோர் கொதிநீராலேயே அவற்றைத் தரம் பிரிக்கின்றனர். இங்கிலாந்தில் எளிய விடுதி அறையிலும் கெட்டில் இருக்கும். சீன ரயில்களிலும் ரஷ்யாவின் தொலைதூர ரயில்களிலும் பெட்டியின் கோடியில் கொதிநீர்க் குழாய் உண்டு. ஜெர்மனியிலோ அறைவாடகை உயர்ந்த விடுதிகள் பலவற்றிலும் கெட்டில் இருப்பதில்லை. கீழே சென்று கேட்டால், ஆறத் தொடங்கிவிட்ட வெந்நீர் ஒரு கண்ணாடிக் கோப்பையிலும், நூல் கட்டிய தேயிலைப் பை அருகே ஒரு தட்டிலுமாக வந்து சேர்கின்றன. பெண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டபத்தில் விட்டுவிட்டுப் புரோகிதர் வீட்டுக்குப் போனது போன்ற இந்நிலையில், மீதிச் சடங்கு வாடிக்கையாளர் பொறுப்பாகிறது. அமெரிக்க அறைகளில் காப்பி இயந்திரம் இருக்கும். அதன் வழியே வரும் வெந்நீரில் முன்பு தங்கியோர் குடித்த காப்பி அனைத்தும் மணக்கும். அதற்கஞ்சி ஊர்க் கெட்டிலை எடுத்துச் செல்வோரைப் பௌதிகம் தடுக்கிறது: 230 வோல்ட்டுக்குரிய கெட்டில் அந்நாட்டின் 120 வோல்ட்டில் ஏறக்குறைய கால்பங்குத் திறனோடு மட்டுமே இயங்குவதால், காலைத் தேநீருக்கு வைத்த நீர் காலை உணவு நேரம் முடியும் தறுவாயில் முணுமுணுக்கத் தொடங்குகிறது.

கொதித்த நீரும் எல்லா இடத்திலும் ஒரே சூடுடையதன்று. காற்றழுத்தம் குறையக் குறைய நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுமாதலால், சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் அது 94 டிகிரி அளவிலும், தாழ்வான பிராங்க்ஃபர்ட்டில் ஏறத்தாழ 100 டிகிரியிலும் கொதிக்கிறது. பறக்கும் விமானத்தின் உட்புற அழுத்தம் 2,400 மீட்டர் உயரத்திற்குரிய அளவுவரை இறங்கக்கூடும். அதாவது பயணி அப்போது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் இடையில் எங்கோ உட்கார்ந்திருக்கிறார், ஆயினும் தேநீரில் அந்த இடங்களின் மணம் இல்லை. சுண்ணாம்புப் பாறைகளினூடே வரும் நீர், கால்சியம் மிகுந்த கடினநீர் எனப்படும். லண்டன் நீரைப் போன்ற அத்தகைய நீரில் தேநீர் கலங்கி, மேலே ஏடு படிகிறது. பாலாடை என்று நம்பி மகிழ்ந்து கரண்டியால் எடுத்துப் பார்ப்போர், பால் இன்னும் ஊற்றவில்லை என்பதைப் பின்னர் உணர்கின்றனர்.

ஜெர்மனியைக் குறை மட்டும் கூறுவது நேர்மையாகாது. வடமேற்கு ஜெர்மனியின் கிழக்கு ஃப்ரீசியாவில் ஆளுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 300 லிட்டர் தேநீர் குடிக்கப்படுகிறது. அங்கே கோப்பையில் பெரிய கற்கண்டை இட்டு, அது சடசடவென வெடிக்கும்படி சூடான தேநீரை ஊற்றி, ஓரமாகக் கரண்டியால் பாலேட்டை விட்டு, கலக்காமலே பருகுவர். முதலில் பாலேடும், அடுத்துக் கைப்பும், அடியில் இனிப்பும் வாய்க்கு வரும். மூன்று கோப்பைகளுக்குக் குறைந்தால் மரியாதையில்லை. போதும் என்பதற்கு அறிகுறியாகக் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கவேண்டும். இவ்வழக்கம் அறியாத விருந்தினர் வயிறு நிரம்பியும் விடுபடுவதில்லை.

மற்ற ஊர்களில் பயணியைக் காப்பது ஒரே ஒரு வழி. இரவில் குளிர்ந்த நீருள்ள புட்டியில் இலையை இட்டு வைத்தால், துவர்ப்பு மிகாமல் சாறு மெல்ல இறங்கி, விடியலில் தெளிந்த தேநீர் ஆயத்தமாக இருக்கும்; கெட்டில், வோல்ட், உயரம் எதுவும் குறுக்கிடுவதில்லை. நீலகிரி இலை இதற்கு மிகப் பொருத்தமானது, ஏனெனில் அது குளிர்ந்தாலும் எளிதில் கலங்குவதில்லை. பச்சைத் தண்ணீரில் தேயிலை ஊறும் செய்தி பெரியப்பா அவர்களின் இரத்த அழுத்தத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், இப்பத்தியைப் பெரியம்மா அவர்கள் முதலில் படித்து, உரிய நேரம் பார்த்துத் தெரிவிக்குமாறு வேண்டப்படுகிறார்கள். அடுத்த முறை பெரியப்பாவின் தேயிலையையும் பெரியம்மாவின் பெருங்காயத்தையும் வெவ்வேறு ஆட்களிடம், இயன்றால் வெவ்வேறு விமானங்களில் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகன்